மலையமானாக இருந்த காலம்

மலையமான் வேடம் எனக்கு வந்ததற்குக் காரணம், வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பதுதான். 2020 ஊரடங்கில் பொன்னியின் செல்வன் வாசகர்கள் சிலர் ஃபேஸ்புக்கில் ஒரு மூடிய குழு தொடங்கினார்கள். உள்ளே வருகிறவர் சொந்தப் பெயரில் பேசக் கூடாது. நாவலில் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும், கோபப்பட வேண்டும், ஓலை அனுப்ப வேண்டும். ஓலை என்றால் இன்பாக்ஸ். நான் போன நேரத்தில் வந்தியத்தேவனுக்கு நான்கு பேர் போட்டி. குந்தவை, நந்தினி, வானதி, பூங்குழலி எல்லாரையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கடம்பூர் மாளிகைக்காரர்களுக்குக்கூட ஆள் இருந்தது. மிச்சமிருந்தவர்களில் ஒருவர் திருக்கோவலூர் மலையமான், ஆதித்த கரிகாலனுக்குத் தாயைப் பெற்ற தாத்தா.

"நான் எடுத்துக்கிறேன்" என்று எழுதினேன்.

"மேடம், அவர் கிழவராச்சே" என்றார் அட்மின்.

"திருக்கோவிலூர் எங்க மாவட்டம் சார்" என்று பதில் போட்டேன்.

அப்போது அப்படிச் சொல்வதே புதிது. 2019 நவம்பர் 26 அன்றுதான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. திருக்கோவிலூரும் உளுந்தூர்பேட்டையும் சங்கராபுரமும் சின்னசேலமும் கல்வராயன் மலையும் எங்களோடு வந்து சேர்ந்தன. புது மாவட்டத்துக்கு ஒரு பழைய அரசன் இருக்கிறான் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் எழுத ஆரம்பித்தேன்.

ஆண் வேடத்தில் ஒரு பெண் பேசுவது எங்கள் வீட்டுக்கு அதிசயமில்லை. என் பெரியப்பா கூத்துக்காரர். தியாகதுருகம், சங்கராபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் அவர் இருப்பார். இளவயதில் பாஞ்சாலி கட்டினார். உடம்பு தடித்த பிறகு கட்டை வேசத்துக்கு மாறி, கர்ணனும் துரியோதனனும் ஆனார். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம் என்று அந்தத் திருவிழா நடக்கும். மண்ணால் செய்த துரியோதனன் மைதானத்தில் நீட்டிப் படுத்திருப்பான். விடிய விடிய அவனாக ஆடிய பெரியப்பா அரிதாரத்தோடு அவன் பக்கத்திலேயே நிற்பார். சிறு பிள்ளையாக அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு துரியோதனர்களில் எது நிஜம் என்ற குழப்பம் ஒரு நாளும் வந்ததில்லை.

எனவே மலையமானின் குரலைப் பெரியப்பாவிடமிருந்து எடுத்தேன். குழுவில் மற்றவர்கள் சினிமாச் செந்தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது என் கிழவர் அதட்டிப் பேசினார், பெருமூச்சு விட்டார், ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னார். பேரன் கரிகாலனுக்கு அவர் அனுப்பிய ஓலைகளில் பாதி, சாப்பிட்டாயா தூங்கினாயா என்ற விசாரிப்புதான். கரிகாலனாக எழுதியவர் ஒரு பொறியாளர், அவருக்குத் தாத்தா கிடையாது. ஒரு நாள் வேடத்தை விட்டு வெளியே வந்து, "அந்தக் கடிதம் எனக்கே வந்த மாதிரி இருந்தது" என்று தனியாக எழுதினார். இந்த விளையாட்டை வெட்டிப் பொழுது என்று சொல்பவர்களிடம் அந்தச் செய்தியைக் காட்டத் தோன்றும். நான் காட்டியதில்லை.

இப்படிப் பாத்திரமாகப் பேசுவது உலகத்துக்கே புதிதல்ல. 2008-இல் அமெரிக்காவில் 'மேட் மென்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் ட்விட்டரில் அதன் பாத்திரங்களாக எழுதத் தொடங்கினார்கள். தொலைக்காட்சி நிறுவனம் முதலில் அந்தக் கணக்குகளை முடக்கச் சொல்லி, பிறகு மனம் மாறி விட்டுவிட்டது. எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1950-இலிருந்து 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வன், 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு எல்லார் வீட்டுச் சொத்தும் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். யார் வேண்டுமானாலும் வந்தியத்தேவன் ஆகலாம்.

மலையமானாக எழுத எழுத, அவரைப் பற்றிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் திருக்கோவிலூருக்குப் போனேன். தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒற்றைப் பாறையாக நிற்கும் கபிலர் குன்றைச் சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருந்தேன். பாரி இறந்த பிறகு அவன் மகளிரை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர் விட்ட இடம் என்று ஊரில் சொல்வார்கள். இந்த முறை வீரட்டானேசுவரர் கோயிலுக்குள் நிதானமாக நடந்தேன். முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. கபிலரின் முடிவையும் அது பாட்டாகச் சொல்கிறது. ராஜராஜனைப் பெற்ற வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண் என்பதையும், சுந்தர சோழன் இறந்தபோது பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டு அவள் கணவனோடு தீயில் புகுந்ததையும் அதுவே சொல்கிறது.

நாவலில் அவள் வானமாதேவி, நோயாளிக் கணவனுக்குப் பணிவிடை செய்யும் சாந்தமான அரசி. எரிந்துபோன அரசியைக் கல்லில்தான் பார்க்க முடியும். நான் பெண்ணைப் பெற்றவரின் வேடத்தில் இருந்தேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது, தமிழ் நாட்டுக்குப் பெரிய சக்கரவர்த்தியைக் கொடுத்த குலம் என்ற என் பெருமை கரைந்து, ஒரு தகப்பனின் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியது. அன்றிரவு குழுவில் எழுதிய பதிவில் சோழர் புகழ் ஒரு வரிகூட இல்லை.

அதன் பிறகு சில வாரங்களில்தான் ஒரு தம்பி குழுவுக்கு வந்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், ஊரடங்கில் மலைக்குத் திரும்பியிருந்தான். மலையாளிப் பழங்குடி. பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் கேரளம் என்று நினைப்பார்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிப் பக்கமிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து மலை மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை.

அவன் கேட்ட வேடம் நாவலில் கிடையாது. "மலைக்குடி ஒருத்தன். பேர் இல்லை" என்று எழுதியிருந்தான்.

குழுவில் வாக்குவாதம் வந்தது. கல்கி எழுதாத பாத்திரத்தை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கட்சி. அவன் பதில் சுருக்கமாக வந்தது: "படகோட்டிப் பொண்ணு இருக்கு, குடந்தை சோசியர் இருக்காரு. மலையமான் இருக்காரு, அவரு மலையில யாருமே இல்லையா?" என் வாக்கு அவனுக்குப் போயிற்று. சேர்த்துக்கொண்டார்கள்.

அவன் ஊரில் சிக்னல் கிடையாது. மாலையில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் பகல் முழுக்க எழுதியதையெல்லாம் இருட்டும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவான். முதல் ஓலை எனக்குத்தான். வேடத்திலிருந்து வேடத்துக்கு.

"கோவே, உம் பேரிலேயே மலை இருக்கிறது. எங்கள் மலையில் எத்தனை ஏர் ஓடுகிறது என்று உமக்குத் தெரியுமா? ஏருக்கு என்ன வரி, கொத்துக்கு என்ன வரி என்று உம் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீரா?"

அரச சபையில் பேசுவதற்கு என்னிடம் நிறையச் சொற்கள் இருந்தன. இதற்குப் பதில் சொல்ல ஒன்றுகூட இல்லை. கொத்து என்றால் என்ன என்பதையே அவனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாடு பூட்டி உழக்கூடிய நிலம் உழவுக்காடு. ஏர் ஏறாத சரிவில் கையால் கொத்திச் சாமையும் தினையும் விதைப்பது கொத்துக்காடு. இரண்டுக்கும் தனித்தனியே வரி. அவன் தாத்தா அந்த வரியைக் கட்டியிருக்கிறார். சோழர் காலத்தில் அல்ல, நம் காலத்தில். கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் பட்டயம் கொடுத்தார் என்ற வழக்கு அதற்கு உண்டு. கீழே வெள்ளைக்காரன் போனான், குடியரசு வந்தது, ஜமீன்தாரி ஒழிந்தது. மலையில் மட்டும் அரசாங்கம் ஜாகிர்களை எடுத்துக்கொண்டது 1976-இல்தான். நான் வளர்ந்த ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மலை அது. பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

இரவு முழுக்க யோசித்துவிட்டு மலையமானாகப் பதில் எழுதினேன். "மகனே, கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு என்று எண்ணிக் கல்லில் வெட்டுகிறார்கள். உன் மலையின் ஏர்களை எண்ண ஒருவரையும் நான் அனுப்பவில்லை. நீ எண்ணிச் சொல். வெட்டச் சொல்கிறேன்."

அதிலிருந்து அவன் எண்ணத் தொடங்கினான். ஜாகிர் வீட்டு வேலைக்கு வீட்டுக்கொரு ஆள் கூலி இல்லாமல் போனது, கடுக்காயும் தேனும் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்கியது, திரும்பும்போது தலையில் உப்பும் கருவாடும் ஏறியது, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூளி கட்டித் தூக்கி வந்தது என்று ஒவ்வொரு மாலையும் ஒன்று. எல்லாம் தாத்தா வாயிலிருந்து வந்தவை. சோழர் காலம் எது, ஜாகிர் காலம் எது என்று அவன் பிரிக்கவில்லை. யாரோ கேட்டதற்கு, "எங்களுக்கு ராசா பேருதான் மாறிச்சு" என்றான். குந்தவை உட்பட அரண்மனைக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பதிவுகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம்.

குழுவின் போக்கே மாறியது. தஞ்சாவூர்க்காரத் தோழி ஒருத்தி வானதி வேடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தளிச்சேரிப் பெண் ஒருத்தியாக மாறினாள். பெரிய கோயிலுக்கென்று ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். அவர்கள் பெயர், வந்த ஊர், தெரு, வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கு எல்லாம் கல்வெட்டில் இருக்கின்றன. அவர்களில் யாராவது தாய் வீட்டை நினைத்து அழுதார்களா என்பது இல்லை. அவள் அதை எழுதினாள். நான் படித்த சரித்திரக் கதைகள் பலவற்றைவிட அந்தப் பதிவுகள் மேல்.

மலைக்குப் பஸ் ஓடத் தொடங்கியதும் அவன் வீட்டுக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, வளைந்து வளைந்து ஏறும் பாதை. கீழே கரும்பும் நெல்லும், மேலே போகப் போக மரவள்ளி. வெள்ளிமலையில் இறங்கினால் காற்றே வேறு. தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேரன் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

"நீதான் அந்த ராசாவா?" என்றார்.

"ஆமாங்க தாத்தா."

"வரி கேக்கவா வந்தே?" என்று சிரித்தார். பிறகு பேரனைக் காட்டி, "இவன் எழுதினத எல்லாம் வாசிச்சுக் காமிச்சான். நல்லாத்தான் எழுதறான். ஆனா மலைக்காரன்னா எப்பவும் அழுதுக்கினே இருந்தான்னு ஆயிப்போச்சே. கரியராமருக்குப் பண்டிகைன்னா நாங்க ஆடின ஆட்டத்த இவன் பாத்ததில்ல. ராவெல்லாம் பாட்டு. ஜாகிர் ஆளுங்களே வந்து நின்னு பாப்பாங்க. அத எழுதுடா மொதல்ல" என்றார்.

அடுத்த வாரம் பண்டிகையைப் பற்றிய பதிவு வந்தது. குழுவில் இன்றைக்கும் நான் திரும்பிப் போய்ப் படிப்பது அதைத்தான்.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் முதல் பாகம் வந்தது. வெளியீட்டுக்கு முன் நடிகர்களே ட்விட்டரில் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். விக்ரம் ஆதித்த கரிகாலன், த்ரிஷா குந்தவை. வந்தியத்தேவனான கார்த்தி இளையபிராட்டி குந்தவையிடம், உங்கள் அண்ணனின் ஓலையைத் தர வேண்டும், லைவ் லொகேஷன் அனுப்புங்கள் என்று கேட்டு எழுத, நாடே ரசித்தது. நாங்களும் ரசித்தோம். அந்த அலையில் எங்கள் குழுவுக்கும் கூட்டம் வந்தது. கூட்டத்தோடு சிக்கலும் வந்தது. எங்கள் குந்தவை எழுதிய ஒரு பதிவிலிருந்து நான்கு வரியை யாரோ வெட்டி, படத்தின் ஸ்டில் மேல் ஒட்டி, "குந்தவைப் பிராட்டியார் கல்வெட்டில் சொன்னது" என்று வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது போகாத குடும்பக் குழு இல்லை. எழுதியவரின் சித்தப்பாவே அவருக்கு அனுப்பி, "படி, பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றாராம். "அது நான் எழுதினது சித்தப்பா" என்றால் நம்பவில்லை.

பெரியப்பாவிடம் போய் இதைச் சொன்னேன். அவருக்கு அப்போது ஆட்டம் நின்று பல வருடம். படுக்கையிலிருந்தபடியே கேட்டார்: "தெரை புடிக்க ஆள் இருந்தாங்களா?"

கூத்தில் வேடக்காரன் நேராக வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னால் நின்று பாடுவான், மெல்லக் கிரீடத்தைக் காட்டுவான். கட்டியக்காரன், நீங்கள் யார், எந்த ஊர் என்று விசாரிப்பான். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் ராஜா. திரை விலகுவதைச் சபை முழுக்கப் பார்த்திருக்கிறது. நடுவில் கட்டியக்காரன் உள்ளூர் விஷயம் ஒன்றைச் சொல்லிச் சபையை இந்தக் காலத்துக்கு இழுத்துவிடுவான். விடிந்ததும் அரிதாரம் கலைத்து டீக்கடைக்கு வருவதையும் ஊர் பார்க்கும். "தெரையும் இல்ல, கட்டியக்காரனும் இல்லன்னா அது வேசம் இல்லம்மா, ஆள்மாறாட்டம்" என்றார்.

ஜெர்மனியில் இதே கேள்வி பெரிய அளவில் வந்தது. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பியதற்காக 1943-இல் 21 வயதில் கொல்லப்பட்ட மாணவி சோஃபி ஷோல். 2021-இல் அங்குள்ள பொது ஒலிபரப்பு நிறுவனங்கள், அவளே இன்ஸ்டாகிராமில் தன் கடைசி மாதங்களைப் பதிவிடுவதுபோல ஒரு கணக்கை நடத்தின. லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள், அவளோடு உரையாடினார்கள். அவள் கடிதத்தில் உள்ளது எது, எழுத்தாளர் கற்பனை எது என்று தெரியாமல் கலந்துவிட்டார்கள் என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயம் என்றே நினைக்கிறேன். இறந்தவர் வாயில் சொல் வைப்பவருக்கு, அது தன் சொல் என்று காட்டும் கடமை இருக்கிறது. பெரியப்பா சொன்ன நாளிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் "திரை" என்று ஒரு வரி. கல்வெட்டில் உள்ளது இது, கல்கியில் உள்ளது இது, என் கற்பனை இது. சுவை கெட்டுவிடும் என்று சிலர் விலகினார்கள். இருந்தவர்களுக்கு ஒன்றும் கெடவில்லை.

2024 ஜூன் வந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்துவிட்டது, அப்படித் தெரிந்திருக்க வேண்டாம். வீதியில் வரிசையாகப் பாடை கிடந்த நாட்களில், அரசன் பெயரிலும் சினிமா வில்லன் பெயரிலும் கணக்கு வைத்திருந்த முகம் தெரியாத ஆட்கள் கள்ளக்குறிச்சியை வைத்துக் கேலிப் படம் போட்டார்கள். கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று எழுதினார்கள். எங்கள் குழுவில் சிலர், மலைக்குடி வேடத்தில் ஒரு பதிவு போடச் சொல்லித் தம்பியைக் கேட்டார்கள்.

அவன் எனக்கு ஃபோன் செய்தான். "இப்ப வேசம் வேணாம்க்கா" என்றான். தன் சொந்தப் பெயரில், தன் படத்தோடு, எந்த ஊர் என்பதையும் போட்டு எழுதினான். எங்கள் ஊரில் பஸ் எத்தனை மணிக்கு வரும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், மரவள்ளிக்கு என்ன விலை கிடைக்கிறது, பிள்ளைகள் எங்கே போய்ப் படிக்கிறார்கள் என்று மட்டும் இருந்தது அதில். நான் மலையமான் கணக்கிலிருந்து அல்லாமல் என் கணக்கிலிருந்து அதைப் பகிர்ந்தேன். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், பள்ளி என்று கேள்வி கேட்டது. தாத்தா அப்போது உயிரோடு இல்லை. பெரியப்பாவும் அதற்கு முந்தைய வருடம் போய்விட்டார்.

குழு இப்போதும் இருக்கிறது. நானும் சில வாரங்களுக்கு ஒருமுறை மலையமானாக எழுதுகிறேன், அடியில் திரை போட்டு. புதிதாக வருகிறவர்கள் இன்னும் வந்தியத்தேவனைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அருள்மொழியையும் குந்தவையையும் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். 1976-இல் இருபது வயதில் ஏர் வரி கட்டிய மலைக்காரருக்கு இன்று எழுபது வயதாகிறது. அவர் வெள்ளிமலையில் இருக்கிறார், கரியாலூரில் இருக்கிறார், உங்கள் ஊர்ப் பக்கத்து மலையிலும் இருப்பார். அடுத்த வேடத்தை எடுப்பதற்கு முன் அவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர் இருக்கும்போதே எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.